கூன்வண்டை அளந்து இனம் பிரிக்கையில் எங்கே தவறுகிறது?

அரிசியைச் சுளகில் கொட்டியதும் விளிம்பேறி ஓடும் கறுத்த மூக்கு வண்டை அறியாத வீடு கிடையாது. வெயிலில் காயப்போடு, வேப்பிலை போடு, காய்ந்த மிளகாய் போடு என்று ஆளுக்கொரு வைத்தியமும் வைத்திருப்பார்கள். அந்த ஒரு வண்டு உண்மையில் இரண்டு இனம் என்பது பூச்சியியல் படிக்கப் போகும்வரை எனக்கும் தெரியாது. ஒன்று அரிசிக் கூன்வண்டு, சைட்டோஃபிலஸ் ஒரைசே. மற்றது மக்காச்சோளக் கூன்வண்டு, சைட்டோஃபிலஸ் சீமெய்ஸ். முதுகை மூடும் மேல்சிறகில் மங்கலான நான்கு செம்புள்ளிகள் இரண்டுக்கும் உண்டு. பெயர்தான் அரிசி, மக்காச்சோளம். இரண்டுமே இரண்டிலும் வளரும், கோதுமையிலும் வெள்ளைச் சோளத்திலும் வளரும். ஆகவே எந்த மூட்டையில் கிடைத்தது என்று கேட்டு இனம் சொல்ல வழியில்லை.

பொதுவாகச் சீமெய்ஸ் பெரியது, ஒரைசே சிறியது. தொல்லையெல்லாம் அந்தப் "பொதுவாக" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஒரைசேயில் பெரியதும் சீமெய்ஸில் சிறியதும் ஒரே நீளத்தில் வந்து நிற்கும். அதனால்தான் ஒரே ஓர் அளவை விட்டுவிட்டு மூக்கு நீளம், தலைக்கு அடுத்துள்ள முன்மார்பின் அகலம், மேல்சிறகின் நீளம், தொடையின் நீளம் என்று பத்து இடங்களை அளந்து, கணக்குப்போட்டுப் பிரிக்கப் பார்க்கிறோம். பிரியும். ஆனால் பிரிந்து வருவது இனம்தானா, வேறு ஏதாவதா என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் மேசையில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

கோளாறு: அதே வண்டு, அதே ஆள், இரண்டு தடவை அளந்தால் இரண்டு எண்

முதலில் மைக்ராஸ்கோப்பைச் சந்தேகப்படுங்கள். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கண்வில்லைக்குள் தெரியும் ஆக்குலர் கோடுகளுக்குச் சொந்தமாக எந்த அளவும் கிடையாது. ஒரு மில்லிமீட்டரை நூறாகக் கீறிய ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை அடியில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு கோடு எவ்வளவு என்று தெரியும். ஜூம் திருகை மயிரிழை நகர்த்தினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு மைக்ராஸ்கோப்பை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் யாரோ உண்ணி பார்க்க ஜூமைத் திருப்பிவிட்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுத்த எண்களில் எது காலை, எது மாலை என்று பிரிக்க முடியாமல் நோட்டையே தூக்கிப் போட்டேன். அதிலிருந்து, உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திருக்குமுன் ஒரு தடவை ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் பார்த்துத் தேதியோடு குறித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. திருகு "டக்" என்று நிற்கும் நிலைகள் உள்ள கருவியானால் அந்த நிலைகளில் மட்டும் அளவெடுங்கள்.

அடுத்து, கோடு எவ்வளவு பருமன் என்று பாருங்கள். 100 கோடுகள் 2.5 மி.மீ.க்குப் பொருந்தினால் ஒரு கோடு 0.025 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள முன்மார்பு 40 கோடுகளில் முடிந்துவிடும். ஒரு கோடு பிசகினாலே நூற்றுக்கு இரண்டரைப் பங்கு போய்விடுகிறது. சின்ன உறுப்புக்குப் பெரிய உருப்பெருக்கம் வேண்டும். எல்லா உறுப்பையும் ஒரே உருப்பெருக்கத்தில் முடிக்கப் பார்ப்பது சோம்பல்தான், வேறு காரணமில்லை.

மூன்றாவது குற்றவாளி சாய்வு. என் கணக்கில் மிகப் பெரிய குற்றவாளியும் அதுதான். கூன்வண்டு பெயருக்கேற்ற கூன் உடம்பு. மேசையில் வைத்தால் மூக்கு ஒரு பக்கம் இறங்கும், பின்புறம் ஒரு பக்கம் இறங்கும். அளக்கும் பகுதி 10 பாகை சாய்ந்திருந்தால் நீளம் நூற்றுக்கு ஒன்றரைதான் குறையும். 20 பாகை சாய்ந்தால் ஆறு குறையும். அதாவது 1.70 மி.மீ. மேல்சிறகு 1.60 ஆகத் தெரியும். இரண்டு இனங்களின் வித்தியாசமே அந்த ஒரு சாய்வில் கரைந்துவிடலாம். மணலோ மிக நுண்ணிய கண்ணாடி மணியோ பரப்பிய சின்னத் தட்டில் வண்டைப் பதித்து, அளக்கும் பகுதியின் இரண்டு முனையும் ஒரே ஃபோகஸில் கூர்மையாகத் தெரியும்வரை ஊசியால் திருத்துங்கள். ஒரு முனை மங்கலாக இருந்தால் இன்னும் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வேறு பரிசோதனை தேவையில்லை. இன்னொன்று: சாதாரண ஸ்டீரியோ கருவிகளில் இரண்டு கண்வழியும் கொஞ்சம் சாய்ந்தே பார்க்கின்றன. அதனால் எப்போதும் ஒரே கண்ணால் பாருங்கள், வண்டை எப்போதும் ஒரே திசையில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் உங்கள் கை எவ்வளவு ஆடுகிறது என்பதை எண்ணாகச் சொல்லிவிடலாம். 20 வண்டுகளை எடுத்து எல்லா அளவுகளையும் எழுதுங்கள். நோட்டை மூடுங்கள். இரண்டு நாள் கழித்து, சீட்டு எண்களை யாரையாவது மறைக்கச் சொல்லி, வரிசையைக் குலைத்து மறுபடி அளங்கள். ஒவ்வொரு வண்டுக்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, 40ஆல் வகுத்தால் கைத்தவறின் விலக்க வர்க்கச் சராசரி கிடைக்கும். பத்தாம் வகுப்பில் படித்த அதே சங்கதிதான். கூட்டுத்தொகை 0.016 என்றால் அது 0.0004. வண்டுக்கு வண்டு உள்ள உண்மையான வேறுபாட்டின் அதே அளவை 0.0036 என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உங்கள் கையால் வந்தது. அது தாங்கும். பாதி வந்தால் அந்த அளவையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எனக்கு உணர்கொம்பின் நுனிக்குமிழ் நீளம் அப்படித்தான் போயிற்று. அதை அளக்கும்போது ஆராய்ச்சி செய்கிற நிறைவு இருந்தது, எண்ணில் ஒன்றும் இல்லை.

கோளாறு: மொத்த நீளம் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துவரவில்லை

மூக்கைச் சேர்த்து அளந்தீர்களா? கூன்வண்டுகளின் உடல் நீளத்தை மூக்கை விட்டுவிட்டு எழுதுவது பூச்சியியலில் பழைய வழக்கம். கிடங்குப் பூச்சிகளைப் பற்றிய கையேடுகளில் சேர்த்தும் எழுதுகிறார்கள், விட்டும் எழுதுகிறார்கள், எதைச் செய்தோம் என்று பலரும் சொல்வதில்லை. எண்ணை ஒப்பிடுமுன் எங்கிருந்து எங்கே என்று தேடிப்பாருங்கள். சொல்லாவிட்டால் அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம்.

மூக்கை விட்டாலும் மொத்த நீளம் மோசமான அளவுதான். தலை முன்மார்புக்குள் உள்ளே போய் வெளியே வரும். வயிறு ஆல்கஹாலில் ஊறினால் நீளும், காய்ந்தால் சுருங்கும். முட்டை தாங்கிய பெண்ணின் வயிறு வேறு உப்பும். தனித்தனியாக விறைத்து நிற்கும் தகடுகளை நம்புங்கள்: முன்மார்பின் நடுக்கோட்டு நீளம், அதன் அதிகபட்ச அகலம், மேல்சிறகுகள் சேரும் தையலின் நீளம், இரண்டு தோள்களுக்கு இடையிலான அகலம், பின்தொடையின் நீளம். "அகலம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று ஒரு படம் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே அளவை வேறு இடத்தில் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் நான்தான்.

பழைய ஆய்வுகளோடு ஒத்துவராததற்கு இன்னொரு காரணம் பெயர்க் குழப்பம். இந்த இரண்டையும் நெடுங்காலம் ஒரே இனத்தின் சிறிய வகை, பெரிய வகை என்றே எழுதினார்கள். 1928இல் ஜப்பானில் தகாஹாஷி சிறியதைக் கலாண்ட்ரா சசாகீ என்று தனி இனமாக்கினார் (கலாண்ட்ரா என்பது இந்த வண்டுகளுக்கு அப்போது வழங்கிய பேரினப் பெயர்). 1940களில் ஆஸ்திரேலியாவில் பிர்ச் இரண்டையும் வளர்த்து, வெப்பத்துக்கு அவை வேறுவேறாக நடந்துகொள்வதைக் காட்டினார். அவருக்கும் அவை "சிறிய", "பெரிய" வகைகள்தான். சிறியதைச் சசாகீ என்றவர்கள் பெரியதை ஒரைசே என்று எழுதினார்கள். 1961இல் குஷெல் பழைய மாதிரிகளைப் பார்த்து முடித்துவைத்தார்: லின்னேயஸ் 1763இல் பெயரிட்ட ஒரைசே சிறியது, மோட்ஷுல்ஸ்கி 1855இல் பெயரிட்ட சீமெய்ஸ் பெரியது. ஆகவே 1961க்கு முந்தைய அட்டவணையில் ஒரைசே என்று இருந்தால், அது எந்த வண்டு என்று இரண்டு தடவை யோசித்துவிட்டு எடுங்கள்.

கோளாறு: வரைபடத்தில் புள்ளிகள் அழகாக இரண்டு குவியலாக விழுகின்றன, ஆனால் இரண்டும் எல்லா ஊரிலும் இருக்கின்றன

கொண்டாட வேண்டாம், அநேகமாக ஆணையும் பெண்ணையும் பிரித்திருக்கிறீர்கள். ஆணின் மூக்கு குட்டை, தடிப்பு, சொரசொரப்பு. பெண்ணின் மூக்கு நீளம், மெலிவு, வழுவழுப்பு, கொஞ்சம் வளைவும் கூட. பெண் தானியத்தில் குழி தோண்டி அதற்குள் முட்டை வைத்துப் பிசின்போன்ற ஒன்றால் மூடிவிடுகிறது, தோண்டும் கருவி அந்த மூக்குதான். பத்து அளவுகளில் மூன்று மூக்கைச் சார்ந்தவையானால் பால் வேறுபாடு இனவேறுபாட்டை அமுக்கிவிடும்.

அளக்குமுன் பாலைக் குறியுங்கள், ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் கணக்குப் போடுங்கள். மூக்கைப் பார்த்துச் சொல்லும் பாலில் சந்தேகம் வந்தால் பத்து வண்டை அறுத்துச் சரிபாருங்கள். அவ்வளவுதான் இதில்.

கோளாறு: அரிசி மூட்டை வண்டு சிறியது, மக்காச்சோள வண்டு பெரியது, இரண்டு இனம் என்று எழுதப்போகிறேன்

எழுதாதீர்கள். என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் வருவது இதுதான், இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

கூன்வண்டின் குழந்தைப்பருவம் ஒரே ஒரு தானிய மணிக்குள் முடிகிறது. புழு வெளியே வருவதே இல்லை. உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகத்தான் துளைத்துக்கொண்டு வெளியேறும். அதற்குக் கிடைக்கும் மொத்தச் சோறும் அந்த ஒரு மணிதான். பொன்னி அரிசியின் ஒரு மணி 20 மில்லிகிராமைத் தாண்டாது. மக்காச்சோள மணி ஒன்று 250, 300 மில்லிகிராம் வரை வரும். குடிசையில் வளர்ந்ததும் மாளிகையில் வளர்ந்ததும் ஒரே அளவில் இருக்குமா? ஒரே தாயின் முட்டைகளில் பாதியை அரிசியிலும் பாதியை மக்காச்சோளத்திலும் விட்டால் வெளியே வரும் வண்டுகள் வேறுவேறு பருமனில் இருக்கும். ஒரே மணியில் இரண்டு புழு இருந்துவிட்டால் இன்னும் சுருங்கும். பட்டை தீட்டிய அரிசியா, கைக்குத்தலா என்பதும், தானியத்தின் ஈரமும், கிடங்கின் வெப்பமும், மூட்டைக்குள் எவ்வளவு நெருக்கடி என்பதும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மேல் ஒரு விஷயம். இந்த வண்டுகளின் உடலுக்குள் சோடாலிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியா குடியிருக்கிறது. தானியத்தில் இல்லாத சத்துகளை அது செய்து கொடுக்கிறது. வண்டின் மேல்தோல் இறுகிக் கறுப்பதற்கு வேண்டிய மூலப்பொருளும் அதில் அடக்கம். பாக்டீரியா நீக்கப்பட்ட வண்டுகள் மெலிந்த, வெளிறிய தோலோடு வருகின்றன. "இந்த ஊர் வண்டு செம்பழுப்பு, அந்த ஊர் வண்டு கறுப்பு" என்று நிறத்தை அளவோடு சேர்த்து எண்ணாக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். அப்போதுதான் வெளிவந்த வண்டும் செம்பழுப்பாகவே இருக்கும், கறுக்கச் சில நாள் ஆகும்.

தீர்வு ஒன்றே ஒன்று, அதற்குப் பொறுமை வேண்டும். எல்லா ஊர் வண்டுகளையும் ஒரே தானியத்தில், ஒரே வெப்பத்தில், ஒரே நெருக்கடியில் வளர்த்துவிட்டு அளங்கள். நான் முழுக் கோதுமையைப் பயன்படுத்துகிறேன். மணிகள் ஓரளவு ஒரே பருமன், இரண்டு இனமும் மறுப்பில்லாமல் வளர்கின்றன. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பூச்சி சாக, தானியத்தை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஈரத்தைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் நிறைய தானியம், கொஞ்சம் வண்டு. முட்டை வைக்க மூன்று நாள் விட்டுத் தாய்களைச் சலித்து எடுத்துவிடுங்கள். 28 முதல் 30 பாகை செல்சியஸில் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அடுத்த தலைமுறை வரும். அதையும் அளக்காதீர்கள். தாய் வளர்ந்த தானியத்தின் சாயல் முட்டைவழி கொஞ்சம் தொடரலாம். இரண்டாம் தலைமுறையை அளங்கள். அப்போதும் ஒரு கூட்டம் பெரியதாகவே நின்றால், அது பரம்பரை என்று பேச இடம் உண்டு.

மூன்று மாதம் ஆகும், ப்ராஜெக்ட் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படியானால் ஒரே தானியத்திலிருந்து சேகரித்த மாதிரிகளை மட்டும் ஒப்பிடுங்கள், தலைப்பையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கோளாறு: பருமனை நீக்க விகிதம் எடுத்தேன், இன்னும் பெரியது சிறியது என்றுதான் பிரிகிறது

மூக்கு நீளத்தை முன்மார்பு நீளத்தால் வகுத்துவிட்டால் பருமன் போய்விடும் என்று நினைப்போம். உடம்பு பெருக்கும்போது எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பெருத்தால் போகும். பெருக்காது. சில உறுப்பு முந்தும், சில பிந்தும். ஆகையால் பெரிய வண்டின் விகிதமும் சிறிய வண்டின் விகிதமும், இனம் ஒன்றாகவே இருந்தாலும், வேறாக வரும்.

எல்லா எண்களுக்கும் மடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் உறுப்பை உடல் பருமனுக்கு எதிராக வரைபடத்தில் போட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோடு வரையுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வித்தியாசம் பருமன் மட்டுமே. இணையாக, ஆனால் மேலும் கீழுமாக ஓடினால் உருவமே வேறு, நீங்கள் தேடுவது அதைத்தான். ஒன்றையொன்று வெட்டினால் வளரும் முறையே வேறு. அப்போது "பருமனை நீக்கிய" ஒற்றை எண்ணால் ஒப்பிடுவதே தப்பு. உடல் பருமனுக்கு எந்த அளவை வைப்பது என்றால், எனக்குப் பிடித்தது எல்லா அளவுகளின் மடக்கைச் சராசரி. பல அளவுகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்கிறவர்கள் முதல் கூறைப் பருமன் என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுகிறார்கள். முதல் கூறில் எல்லா அளவின் கெழுவும் ஒரே குறியோடு, ஏறத்தாழ ஒரே எடையோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு மாற்றுக்குறியோடு வந்தால் அதில் உருவமும் கலந்திருக்கிறது. அதைத் தள்ளினால் நீங்கள் தேடும் உருவ வேறுபாடும் சேர்ந்து போகும்.

கோளாறு: பி மதிப்பு 0.001க்கும் கீழே, ஆனால் கையில் கொடுத்த வண்டைச் சரியாகச் சொல்ல முடியவில்லை

இரண்டும் வேறு கேள்விகள். பி மதிப்பு என்பது, கூட்டங்களுக்குள் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. ஒரு கணக்கு போடுவோம். ஒரு கூட்டத்தின் சராசரி 2.6 மி.மீ., மற்றதன் சராசரி 2.8, இரண்டுக்கும் திட்ட விலக்கம் 0.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நூறு வண்டு அளந்தால் சராசரிகளின் வித்தியாசத்தை அதன் பிழையால் வகுத்த டி மதிப்பு 9ஐத் தாண்டும், ஆய்வுக்கட்டுரையைச் சரிபார்க்கும் எந்த நடுவரும் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் 2.7ஐ எல்லையாக வைத்து ஒவ்வொரு வண்டாகப் பிரித்தால் நான்கில் ஒன்று தப்பான பெட்டிக்குப் போகும். சராசரிகள் வேறு என்பது உறுதி, இந்த வண்டு எது என்பது உறுதியில்லை.

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கிடங்கில் எந்த இனம் என்று சொல்லவேண்டுமானால் பி மதிப்பை மறந்துவிட்டு எத்தனை வண்டு தவறுகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

கோளாறு: கணினி நூற்றுக்கு நூறு சரியாகப் பிரிக்கிறது

இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 12 அளவுகள், கூட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டு என்று கொடுத்தால் கூட்டங்களைப் பிரிக்கும் எல்லையைத் தேடும் டிஸ்கிரிமினன்ட் கணக்கு எதை வேண்டுமானாலும் பிரித்துக் காட்டும். கேள்வித்தாளை முன்பே கொடுத்துவிட்டு வைத்த பரீட்சை அது. சோதிக்க ஒரு சின்ன தந்திரம் உண்டு. வண்டுகளின் இனச்சீட்டுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துத் தாறுமாறாக ஒட்டி, அதே கணக்கை மறுபடி ஓட்டுங்கள். பொய்ச் சீட்டுக்கும் 80, 90 என்று வந்தால் முதலில் வந்த நூறுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். பிறகு ஒவ்வொரு வண்டாக வெளியே நிறுத்தி, மீதியை வைத்துக் கணக்கைக் கட்டி, வெளியே நின்றதை ஊகிக்கச் சொல்லுங்கள். அதில் வரும் எண்ணைத்தான் வெளியே சொல்லவேண்டும். அளவுகளைக் குறையுங்கள், வண்டுகளைக் கூட்டுங்கள். மிகச் சிறிய கூட்டத்தில் உள்ள வண்டுகளின் எண்ணிக்கை அளவுகளைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

ஊர்வாரிக் கூட்டங்களைப் பிரிக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு ஊரிலிருந்து ஒரு மூட்டை, அதில் ஐம்பது வண்டு. அந்த ஐம்பதும் ஓரிரு தாய்களின் பிள்ளைகளாக இருக்கலாம். நீங்கள் அளந்தது ஒரு குடும்பம், ஊரை அல்ல. ஊருக்கு ஐந்து கிடங்கு, கிடங்குக்குப் பத்து வண்டு என்று எடுத்தால் எண்ணிக்கை அதே ஐம்பதுதான், ஆனால் ஊருக்குள் இருக்கும் வேறுபாடும் தெரியவரும். அது ஊர்களுக்கு இடையிலுள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தானியம் லாரியில் போகிறது, வண்டும் கூடப் போகிறது. புவியியல் எல்லைகள் கிடங்குப் பூச்சிக்குப் பெரிய தடையே இல்லை.

கோளாறு: புகைப்படத்தில் புள்ளி வைத்து உருவம் அளந்தேன், முதல் நாள் படங்களும் கடைசி நாள் படங்களும் தனித்தனியாக நிற்கின்றன

படத்தில் புள்ளி குறித்து உருவத்தை ஒப்பிட உதவும் டிபிஎஸ்டிக், மார்ஃபோஜே போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைப்பதால் இப்போது எல்லாரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் சாய்வுத் தொல்லை இங்கே இரட்டிப்பாகிறது, ஏனென்றால் உருண்டையான முதுகைத் தட்டையான படமாக்கிவிடுகிறோம். நாள் ஆக ஆகப் புள்ளி வைக்கும் கையும் பழகி இடம் மாறும். முதலில் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கையின் மாற்றமே இனவேறுபாடாகத் தெரியும். படங்களின் வரிசையைக் கலைத்துவிட்டு, கூட்டத்தின் பெயர் தெரியாமல் புள்ளி வையுங்கள்.

முதுகை விட்டுப் பின்சிறகுக்குப் போவது இன்னும் நல்லது. மேல்சிறகுக்கு அடியில் மடிந்திருக்கும் மெல்லிய சிறகைக் கழற்றி, கண்ணாடித் தகட்டில் கிளிசரினில் விரித்தால் உண்மையிலேயே தட்டையாக இருக்கும். நரம்புகள் சேரும் இடங்கள் தெளிவான புள்ளிகள். விரிக்கப் போய்ச் சிறகே இல்லை, ஒரு சிறு துணுக்குதான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது மூன்றாவது உறவினர், பறக்கவே பறக்காத சைட்டோஃபிலஸ் கிரனேரியஸ். குளிர்நாட்டுக் களஞ்சியங்களின் வண்டு அது. முதுகில் செம்புள்ளியும் இருக்காது, முன்மார்பின் மேலுள்ள நுண்குழிகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கும். புளியங்கொட்டையிலிருந்து எடுத்ததானால் நான்காவது உறவினர் லினியாரிஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புளி மண்டியில் அதற்கு வேலை உண்டு.

கோளாறு: எல்லாம் சரியாகச் செய்தும் நடுவில் ஒரு கூட்டம் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது

"கலப்பினமாக இருக்குமோ?" என்று எல்லாரும் கேட்பார்கள். இந்த இரண்டு இனங்களும் ஒரே பாட்டிலில் புணரும், ஆனால் பிள்ளை பிழைத்து வம்சம் ஓடுவதில்லை. நடுவில் நிற்பவை அநேகமாக நன்றாகத் தின்ற ஒரைசேயும் பட்டினி கிடந்த சீமெய்ஸும்தான். அளவுகோலின் எல்லை இங்கே முடிகிறது, இனி அறுத்துத்தான் பார்க்கவேண்டும்.

அறுக்குமுன் முன்மார்பை ஒரு தடவை பாருங்கள். நடுக்கோட்டை ஒட்டி முன்னிருந்து பின்னாகக் குழிகளை எண்ணுங்கள். 20க்குக் குறைவாக இருந்து, நடுவில் குழியே இல்லாத மெல்லிய வரி ஒன்று ஓடினால் பெரும்பாலும் ஒரைசே. 20ஐத் தாண்டி, நடுவிலும் குழிகள் நெருங்கியிருந்தால் பெரும்பாலும் சீமெய்ஸ். பருமனைவிட இது பல மடங்கு மேல். ஆனாலும் "பெரும்பாலும்" இன்னும் போகவில்லை, பாருங்கள்.

அதைப் போக்குவது ஆணுறுப்பு. காய்ந்த வண்டானால் வெந்நீரில் ஊறவைத்து, வயிற்றைக் கழற்றி, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு போடுங்கள். சதை கரைந்து கெட்டிப் பாகங்கள் மிஞ்சும். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டுக் கிளிசரினில் வைத்து மேல்பக்கத்தைப் பாருங்கள். ஒரைசேயில் அந்தக் குழல் மேலே வழுவழுப்பாக, சீராகக் குவிந்திருக்கும். சீமெய்ஸில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் ஓடும். ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பெண்ணில் ஒய் எழுத்துபோன்ற ஒரு தகடு கிடைக்கும். அதன் இரண்டு கைகளும் ஒரைசேயில் மொழுக்கென்று முடிந்து நெருங்கி நிற்கும், சீமெய்ஸில் கூர்ந்து விலகி நிற்கும். பெண்ணில் பார்ப்பது கொஞ்சம் சிரமம், நான் முதலில் ஆண்களையே அறுப்பேன். கையில் பணம் இருந்தால் ஒரு காலைப் பிய்த்து மைட்டோகாண்ட்ரியா மரபணு வரிசை பார்க்கக் கொடுக்கலாம்.

மரபணுவும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிடும் என்று எண்ணவேண்டாம். பனை, தென்னையைத் துளைக்கும் பெரிய சிவப்புக் கூன்வண்டின் கதை அதற்குச் சாட்சி. ரின்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ், வல்னெரேட்டஸ் என்று இருந்த இரண்டையும் 2004இல் ஓர் ஆய்வு ஒரே இனமாக்கியது. 2013இல் இன்னும் பரவலான மாதிரிகளோடு வந்த மரபணு ஆய்வு மறுபடி இரண்டாகப் பிரித்தது. 2010இல் கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் பிடிபட்டதைச் சிவப்புக் கூன்வண்டு ஃபெருஜினியஸ் என்றே முதலில் எண்ணினார்கள், அது வல்னெரேட்டஸ் என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது அளவெடுப்புக்குத் திரும்பி வாருங்கள். இவ்வளவு நேரம் நாம் செய்த தவறு, அளவை வைத்து இனத்தைக் கண்டுபிடித்து, அந்த இனத்தை வைத்து அளவு சரி என்று சொன்னதுதான். முதலில் அறுத்து இனம் உறுதியான முப்பது முப்பது ஆண்களை எடுங்கள். அவற்றின் அளவுகளை வைத்துக் கணக்கைக் கட்டுங்கள். பிறகு அறுக்காத வண்டுகளை அதில் போட்டுப் பாருங்கள், அதிலும் பத்துக்கு ஒன்றை அறுத்துச் சரிபாருங்கள்.

அறுத்த வண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கழற்றிய உறுப்பைக் கிளிசரின் விட்ட சிறு குப்பியிலும் உடலை ஆல்கஹாலிலும் ஒரே எண்ணிட்டு வையுங்கள். உள்ளே போடும் சீட்டில் ஊர், தானியம், தேதி, வண்டின் எண் நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும்.